எந்தச் சூத்திரமுங்க, ஸார்?

பௌதிகக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு கேள்வி புறப்பட்டுவிடும்: "எந்தச் சூத்திரமுங்க, ஸார்?" இருபது வருஷ காலமாக இக்கேள்வியை நாம் கேட்டு வருகிறோம். மாணாக்கர் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை.

கேட்கும் பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. பரீட்சையும், பரீட்சைக்கென்று அச்சாகும் வழிகாட்டிகளும் அவனை அவ்விதம் பழக்கியிருக்கின்றன. கணக்கிலுள்ள எண்களைப் பொறுக்கி, அவற்றுக்கு இடங்கொடுக்கும் சூத்திரத்தைத் தேடிப் பிடித்து, விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்துவிட்டால் பௌதிகம் முடிந்தது என்று அவன் நம்புகிறான்.

1981-ம் ஆண்டில் அமெரிக்காவில் மிஷலீன் சீ என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பௌதிகக் கணக்குகளைக் கொடுத்து, இனம் பிரித்து வைக்கும்படி சொன்னார்கள். புதிதாகக் கற்பவர்கள், 'இது சாய்தளக் கணக்கு, இது சுருள்வில் கணக்கு' என்று கண்ணுக்குத் தென்பட்ட சாமானைக் கொண்டு பிரித்தார்கள். தேர்ந்தவர்களோ, சாய்தளமும் சுருள்வில்லும் சக்தி அழியாமை என்னும் ஒரே தத்துவத்தில் அடங்குமானால், இரண்டையும் ஒரே குவியலில் வைத்தார்கள். வித்தியாசம் ஞாபக சக்தியில் இல்லை, பார்வையில் இருக்கிறது.

அந்தப் பார்வையைப் பழக்குவது எப்படி? ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜார்ஜ் போல்யா 1945-ல் நான்கு படிகளை வகுத்தார். கேள்வியை விளங்கிக்கொள்வது முதற்படி. உபாயம் தேடுவது இரண்டாவது. அதை நிறைவேற்றுவது மூன்றாவது. விடையைத் திரும்பிப் பார்ப்பது நான்காவது. நம் பள்ளிகளில் மூன்றாம் படிக்கே முழு மரியாதையும் நடக்கிறது. முதலும் கடைசியும் அநாதைகள்.

மூலனூர்ப் பக்கத்தில் இவற்றைக் கற்பிக்கக் கிணறே போதும். தண்ணீர் 30 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மோட்டார் 5 குதிரைச் சக்தி. விநாடிக்கு எத்தனை லிட்டர் மேலே வரும்? முதல் ஐந்து நிமிஷம் சூத்திரம் பேசக்கூடாது என்பது நம் வகுப்பின் சட்டம். படம் வரையலாம், உத்தேசமாக ஒரு விடை சொல்லலாம். அதன் பிறகே கணக்கு. ஒரு குதிரைச் சக்தி 746 வாட். ஆகவே மோட்டார் விநாடிக்கு 3,730 ஜூல் வேலை செய்யவல்லது. ஒரு லிட்டர் நீரை 30 மீட்டர் உயர்த்த 294 ஜூல் வேண்டும். வகுத்தால் பன்னிரண்டரை லிட்டருக்குச் சற்று மேல்.

"எங்க தோட்டத்துல அத்தனை வராதுங்க, ஸார்" என்றாள் ஒரு விவசாயியின் மகள். அங்கேதான் பௌதிகம் ஆரம்பமாயிற்று. குழாயின் உராய்வும் பம்பின் நஷ்டமும் போக, ஏறத்தாழப் பாதியாவது வரவேண்டும் என்று வகுப்பு தீர்மானித்தது. அவள் மறுநாள் 200 லிட்டர் பீப்பாயைக் குழாயடியில் வைத்து அளந்தாள். நிறைவதற்கு ஒரு நிமிஷத்துக்கு மேலாயிற்று. விநாடிக்கு மூன்று லிட்டர்கூட இல்லை. கடன் வாங்கிப் பெரிய மோட்டார் போடவிருந்த தகப்பனார், மகள் சொல்லுக்காக முதலில் மோட்டாரை மேலே தூக்கிப் பார்த்தார். சல்லடையைப் பாசி அடைத்திருந்தது. கடன் தப்பிற்று.

விடையைத் திரும்பிப் பார்க்கும் இந்தக் குணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. கடலின் நீலம் வானத்தின் பிரதிபிம்பமே என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த ஸர் சி. வி. ராமன் 1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்புகையில், ஒரு சிறு நிக்கல் பட்டகத்தால் அந்தப் பிரதிபிம்ப ஒளியை விலக்கிப் பார்த்தார். கடல் முன்னிலும் நீலமாகவே தெரிந்தது. அந்தச் சந்தேகம் தொடங்கிவைத்த ஆராய்ச்சி 1928, பிப்ரவரி 28-ல் ராமன் விளைவாகப் பலித்தது. 1930-ல் நோபல் பரிசைக் கொணர்ந்தது.

எல்லாப் பிள்ளைகளும் ராமன் ஆகிவிடமாட்டார்கள். ஆனால் பனியன் கம்பெனிக்குப் போனாலும், பருத்திக் காட்டில் நின்றாலும், பிறர் சொன்ன கணக்கை ஒரு தரம் அளந்து பார்க்கும் துணிவு அவர்களுக்கு வேண்டும். பெற்றோர்களுக்கு நம் விண்ணப்பம் ஒன்றே: மாலையில் வீடு திரும்பும் குழந்தையிடம் மார்க்கை விசாரிக்குமுன், இன்று என்ன அளந்தாய் என்று கேளுங்கள். சுதந்திர நாட்டின் பிரஜைக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.