திரையும் திறனும்

சென்ற மாதம் லண்டனிலிருந்து வந்த என் மைத்துனர், பாமன்கடையிலுள்ள எங்கள் இல்லத்துக்கு ஒரு பெட்டியைக் கொணர்ந்தார். கணினி விளையாட்டில் மோகங்கொண்ட என் மகனுக்கான ஆர்.ரி.எக்ஸ். 4080 கிராபிக்ஸ் கார்ட் அது.

மகன் அதனைப் பூட்டினான். திரையில் யாதொரு மாற்றத்தையும் நான் காணவில்லை.

"அப்பா, இதற்குப் பழைய மொனிற்றர் போதாது" என்றான்.

"ஒரு செலவு மறு செலவுக்கு வழி தேடுகிறதோ, தம்பி?" என்று சினந்தேன். அவன் முகம் வாடிற்று.

கணித ஆசிரியனல்லவா? இரவு கணக்கிட்டுப் பார்த்தேன். 1920-ஐ 1080-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 21 இலட்சம் புள்ளிகள். எங்கள் திரை அவ்வளவே உடையது. செக்கனுக்கு 60 தடவையே புதுப்பிக்கும். கார்ட் 150 படங்களை வரைந்தாலும் எஞ்சியவை கண்ணுக்கு எட்டா. 4கே திரையிலோ 83 இலட்சம் புள்ளிகள். கார்ட்டின் சுமை மிகும், படங்களின் எண்ணிக்கை குறையும். 2560-க்கு 1440 என்ற அளவில் 37 இலட்சம்; செக்கனுக்கு 144 தடவை புதுப்பிக்கும் அத்தகைய திரையே நடுவழி எனக் கண்டேன்.

"பிழை என்னுடையது, தம்பி" என்று மறுநாள் பம்பலப்பிட்டிக்கு அழைத்துச் சென்றேன். புதிய திரையை இணைத்தும் பழைய கதையே! கணினியின் அமைப்பில் 60 என்றிருந்ததை மகன் 144 ஆக்கினான்; காட்சி நீரோட்டம்போல் ஓடிற்று.

என் வகுப்பில் ஒரு மாணவனை மந்தன் என்றே கருதியிருந்தேன். குறை அவன் ஆற்றலிலா, அதனைக் காட்ட இடந்தராத என் வினாக்களிலா? திங்கட்கிழமை அவனுக்குக் கடினமான கணக்கொன்றைக் கொடுக்கப் போகிறேன்.