ஈரத்துணியும் தங்க ரேக்கும்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கோயமுத்தூர் வீடுகளில் ஈரத்துணிக்கு ஓய்வே கிடையாது. ஜன்னல் கம்பி, கிரைண்டர், பைக் என்று துடைத்துக்கொண்டே வந்து கடைசியில் சாமி அறைக்குள் நுழையும். அங்கே பாட்டி காலத்துத் தஞ்சாவூர் ஓவியம் ஒன்று மாட்டியிருந்தால், அதற்கு அன்றைக்குக் கண்டம்தான். “நல்லா அழுத்தித் தொடை கண்ணு, அப்பத்தான் தூசி போகும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வேறு வரும்.

பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளையும் பசையையும் குழைத்துப் பூசி, நகைக்கும் மண்டபத்துக்கும் புடைப்பு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டியது அந்த ஓவியம். தண்ணீர் பட்டால் பசை இளகும், புடைப்பு உப்பும், ரேக்கு உரியும். கண்ணாடி போட்டிருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. கண்ணாடி மேல் வைக்கும் சந்தனப் பொட்டின் ஈரம் மெல்ல வழிந்து பிரேமின் கீழ் இடுக்கில் இறங்கும். பழைய சாமி படங்களில் பாதத்தருகே தெரியும் பழுப்புக் கறை பெரும்பாலும் இப்படி வந்ததுதான். அச்சுப் படமாக இருந்தால் ஈரத்தில் காகிதம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் முருகனின் முகமும் கூடவே வந்துவிடும்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அதுதான் சங்கடம்.

கோயில்களிலும் இதே கதை. பேரூர் பட்டீசுவரர் கோயிலின் கனகசபை, 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் மரபின் அழகாத்திரி நாயக்கர் எழுப்பியது. யானைத் தோல் உரித்த மூர்த்தியின் விரல் நகம் வரை தெரியும் சிற்பங்கள். விதானத்தில் தொங்கும் கல் சங்கிலிகள். இப்படிப்பட்ட கல்லில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கத்தான் தமிழகக் கோயில்கள் பலவற்றில் ஒரு காலத்தில் காற்றழுத்தத்தால் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். பிசுக்கு போனது, கல்லின் மேல்தோலும் கல்வெட்டு எழுத்தின் கூர்மையும் கூடவே போயின. பிறகுதான் அறநிலையத் துறை அதற்குத் தடை போட்டது.

கேரள எல்லையோரம் குமிட்டிபதியில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. வெள்ளை வண்ணத்தில் யானை, மனிதர்கள். பல தலைமுறை வெயில் மழை தாங்கியவை. மலையேறி வந்தவர்கள் அங்கே தங்கள் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். சரி, தேய்த்து அழித்துவிடலாமே என்றால், பெயரோடு யானையும் அழியும்.

கோயமுத்தூர் மில்காரர்களுக்கு ஈரத்தின் நுட்பம் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றில் ஈரப்பதம் குறைந்தால் இழை அறுந்துபோகும் என்று தெரிந்த ஊர் இது. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ராவின் முதல் இயக்குநர் கஸ்தூரி சீனிவாசன் பெயரில் அவிநாசி சாலையில் ஓவியக் கூடம் இருப்பதும் பொருத்தம்தான். கேன்வாஸும் நெய்த துணிதானே? ஈரம் ஏறி இறங்க அது தளரும், இறுகும். மேலே காய்ந்த வண்ணம் கூடவே ஆட முடியாமல் வெடிக்கும்.

ஆகவே, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலோடு மோதும் மேற்குச் சுவரில் ஓவியத்தை மாட்ட வேண்டாம். இறக்கும்போது மேல்சட்டத்தைப் பிடித்துத் தூக்காமல், ஒரு கை அடியிலும் ஒரு கை பக்கவாட்டிலும் கொடுங்கள். கண்ணாடித் தூசிக்குக் காய்ந்த மெல்லிய துணி போதும். பொட்டு வைத்தே தீர வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், மேல்சட்டத்து மரத்தில் துளி குங்குமம், தண்ணீர் குழைக்காமல் வையுங்கள்.