வண்டிக்கு ஆயில் மாற்றப் போன கதை



மூன்று வாரமாகப் பதிவு எதுவும் வரவில்லையே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை.

இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனபிறகு கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது செகண்ட் ஹேண்டில் வாங்கியதுதான் இந்த ஆட்டோமேட்டிக் கார். மாதம் இரண்டு முறை வீட்டுக்காரம்மாவை ராசிபுரத்திலிருந்து சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது இதில்தான். கொஞ்ச நாளாகக் கியர் மாறும்போது ஒரு உதறல். ரிவர்ஸ் போட்டால் இரண்டு நொடி யோசித்துவிட்டுத்தான் நகரும். சிங்கப்பூரில் இருக்கும் மகன், "வித்துட்டு டாக்ஸியில போங்கப்பா" என்றான். விற்றால் இந்த வயதில் இன்னொரு வண்டி வாங்கமாட்டேன் என்பது எனக்கும் தெரியும், வீட்டுக்காரம்மாவுக்கும் தெரியும்.

நாமக்கல்லில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்பு, கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம். உடன் படித்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

காலை ஒன்பது மணிக்குப் போனேன். உடனே பிரித்துவிடுவான் என்று பார்த்தால், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து இருபது நிமிடம் வண்டியை ஓட்டினான். "சூடாவட்டுங்க சார்." திரும்பி வந்து ஒரு ஸ்கேனரைச் செருகினான். கியர் ஆயில் 75 டிகிரியைத் தாண்டியதும், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர்பாக்ஸின் அளவுகோலை உருவிப் பார்த்தான். ஆயில் 'ஹாட்' கோட்டுக்கு மேலே நின்றது, குமிழ் குமிழாக நுரையோடு.

"யாருங்க சார் இதுல மேல ஊத்துனது?"

"தெரியலையேப்பா. போன தடவை சர்வீஸ் விட்ட இடத்துல ஊத்தியிருப்பாங்க" என்றேன்.

உண்மை என்னவென்றால், ஊற்றியது நான். ஒரு நாள் அதிகாலையில், குளிர்ந்து கிடந்த வண்டியைக் கிளப்பி, அளவுகோலைப் பார்த்தேன். 'ஹாட்' கோட்டுக்குக் கீழே இருந்தது. குறைந்துவிட்டது என்று முடிவுகட்டி, கடையில் சிவப்பாக ஒரு ஆயிலும் ஒரு புனலும் வாங்கி வந்து அரை லிட்டர் ஊற்றினேன். பக்கத்திலேயே 'கோல்ட்' என்று இன்னொரு கோடு இருந்ததைக் கவனிக்கவில்லை. சூடானால் ஆயில் விரிந்து மட்டம் ஏறும் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கணக்கு வாத்தியாருக்குத் தோன்றவில்லை.

அதிகமானால் என்ன ஆகும் என்று அவன்தான் விளக்கினான். உள்ளே சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். இந்தக் கியர்பாக்ஸ் வேலை செய்வதே ஆயிலின் அழுத்தத்தில்தான். காற்று கலந்தால் அழுத்தம் நிற்காது, உள்ளே இருக்கும் கிளட்சுகள் வழுக்கும். குறைந்தாலும் இதே கதிதான், பம்ப் காற்றை உறிஞ்சும்.

கொஞ்சம் ஆறவிட்டு வடித்தான். அளவுக் கோடு போட்ட வாளியில் நாலரை லிட்டர். காப்பி டிகாக்‌ஷன் நிறம், லேசான தீய்ந்த வாடை. அடித்தட்டைக் கழற்றினான். அதிலிருந்த காந்தங்களில் சாம்பல் நிறத்தில் மை போல ஏதோ ஒட்டியிருந்தது. எனக்குத் திக்கென்றது. விரலில் எடுத்துத் தேய்த்துக் காட்டினான். "இது சாதாரணத் தேய்மானங்க சார். சில்லு சில்லா உலோகம் இருந்தாத்தான் பயப்படணும்." காந்தங்களைத் துடைத்து, ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றி, போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்தே முடுக்கினான். வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர். கையேட்டில் போட்டிருந்த தர எண்ணை ஆயில் கேனோடு என்னையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னான். (சி.வி.டி. வண்டி வைத்திருப்பவர்களே, உங்களுடையதற்கு ஆயிலே வேறு. ஏ.எம்.டி.க்கு அதுவும் இல்லை, சாதாரண கியர் ஆயில்தான். நிறத்தைப் பார்த்து என்னைப்போல் வாங்காதீர்கள்.)

வேலை முடிந்தது என்று எழுந்தேன். "உட்காருங்க சார், இன்னொருக்கா வடிக்கணும்" என்றான். எதற்கு என்று கேட்டதும் சாக்பீஸை எடுத்துச் சுவரில் எழுத ஆரம்பித்தான். மொத்தம் 7 லிட்டர். ஒரு தடவைக்கு 4 லிட்டர்தான் வெளியே வரும். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். ஆக, பழசு மிச்சம் ஏழில் மூன்று பங்கு, 43 சதவீதம். ஓட்டிக் கலக்கவிட்டு இன்னொரு முறை மாற்றினால் 18. மூன்றாவது முறைக்கு 8.

"பெருக்குத் தொடர்வரிசைங்க சார். நீங்க நடத்துனதுதான்."

அந்தப் பாடத்தில் அவன் வாங்கிய மதிப்பெண் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவனுக்கும் இருக்கும். இரண்டு பேரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

மிஷின் வைத்து ஒரே மூச்சில் கழுவிவிடலாமே என்றேன். இத்தனை வருடம் மாற்றாத பெட்டியில் அழுத்தம் கொடுத்தால் எங்கோ படிந்த அழுக்கு கிளம்பி வேறெங்காவது போய் அடைக்கும், தனக்கு அதில் நம்பிக்கையில்லை என்றான்.

இரண்டாவது முறையும் மாற்றி, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியருக்கும் லீவரை நகர்த்தி நிறுத்தி, மறுபடி சூடேற்றி மட்டம் பார்த்து முடிக்க மாலை ஐந்தாகிவிட்டது. மூன்றாவது, 1000 கிலோமீட்டர் ஓடிய பிறகு. ரிவர்ஸ் போட்டேன். யோசிக்காமல் நகர்ந்தது. முதல் கியரிலிருந்து இரண்டாவதற்குப் போகையில் இன்னும் ஒரு சின்ன உதறல் இருக்கிறது. அது மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் தெரியும், இப்போது வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றான்.

கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. இதே பையனை, அடுத்தவன் நோட்டைப் பார்த்து எழுதிவிட்டு இல்லையென்று சாதித்ததற்காக ஒரு பீரியட் முழுக்க வெளியே நிற்க வைத்தவன் நான்.

"அந்த ஆயில ஊத்துனது நான்தாம்பா" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டே, "தெரியுங்க சார்" என்றான். "புனல் டிக்கியிலதான் கெடக்குது."