மீண்டு வந்த முகம்

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலை அடுத்து, எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர்ப் பகுதி வீடுகளுட் புகுந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எம் சாச்சியின் வீட்டில் அது பாழாக்கியவற்றுள் ஒன்று, குடும்பத்தின் படத் தொகுப்பு. மர்ஹூம் சாச்சாவின் முகம் அதில் ஒரேயொரு படத்தில்தான் இருந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருக்குப் படமெடுத்துக்கொள்ள நேரமேது!

நல்லவேளையாக, ஷார்ஜாவிலுள்ள அவர் மகன் முன்பொருமுறை அப்படத்தைத் தம் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்தார். கேட்டதும் அனுப்பினார். இராயபுரத்துக் கடையொன்றில், நாமே திரையைத் தொட்டு இயக்கும் அச்சுப்பெட்டி உண்டு. படத்தைக் கொடுத்ததும் தெளிவு போதாதென்று திரை எச்சரித்தது. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், ஆறுக்கு நான்கு அங்குலத் தாளுக்கு 1,800க்கு 1,200 புள்ளிகள் வேண்டும். செய்தியோடு வரும் படங்களோ பெரும்பாலும் சுருக்கப்பட்டே வருகின்றன. சிக்கனம் நல்லதுதான், அதை முகத்திலா காட்டுவது? மூலப்படத்தைச் சுருக்காமல் அனுப்பச் செய்தோம்.

தாள் நான்குமுறை உள்ளே சென்று மீண்டது. சூட்டினால் நாடாவிலுள்ள சாயம் ஆவியாகித் தாளில் படிகிறதாம். முதலில் மஞ்சள், காமாலை கண்டவர்போல் சாச்சா எட்டிப்பார்த்தார். மெஜந்தா ஏறியதும் சிவந்தார். நீலம் படிந்தபோது முழு மனிதரானார். கடைசியாக நிறமற்ற காப்புப் பூச்சு. ஈரத்துக்கும் விரல்ரேகைக்கும் அதுவே அரண்.

சாச்சி படத்தை நெடுநேரம் பார்த்திருந்தார். பிறகு கேட்டார்: "இன்னொன்று போட்டுக் கொடுப்பீங்களா தம்பி? மாடி வீட்டில் கொடுத்து வைக்கணும்."