மார்கழி வேனும் நாலு குளோ பிளக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க. மார்கழி பொறக்கப் போகுது. இந்த வருஷம் கோயில் வேன் ஓட்டப் பேர் கொடுத்திருக்கிற தம்பிங்க கண்டிப்பா முழுசா படிக்கணும். மத்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டிய ஒரு விஷயமும் இதுல இருக்கு.

போன மார்கழியில ஒரு நாள் காலையில வேன் வரல, அதனால மேல் லயத்துப் பாட்டி அவங்க உபய நாளுக்கே பூஜைக்கு வந்து சேர முடியல. அது எல்லாருக்கும் தெரியும். "வேன் பழசு, என்ன செய்யறது"ன்னு அன்னிக்கு நான் சொன்னேன். அது முழு உண்மை இல்ல.

நடந்தது இதுதான். காலை நாலே கால். கேமரன் மலையில டிசம்பர் விடிகாலை எப்படி இருக்கும்னு இங்க இருக்கிறவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. மூச்சு விட்டா புகை. (1978 பிப்ரவரியில இங்க 7.8 டிகிரி வரைக்கும் இறங்கியிருக்கு, நாட்டுலயே பதிவான ஆகக் குறைஞ்ச குளிர் அதுதான். அன்னிக்கு அவ்வளவு இல்ல, ஆனா கை விறைச்சுப் போச்சு.) நான் சாவியைப் போட்டு ஒரே திருகாத் திருகினேன். இஞ்சின் சுத்துச்சு, பத்தல. மறுபடியும் திருகினேன். பின்னால வெள்ளைப் புகை மட்டும் குபுகுபுன்னு வந்துச்சு. பதற்றத்துல அரை நிமிஷம், முக்கால் நிமிஷம்னு விடாம ஸ்டார்ட்டரைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். ஏழாவது தடவை 'டக்'னு ஒரு சத்தம். பேட்டரி செத்துப் போச்சு.

கூட இருந்த தம்பி ஓடிப்போய் ஸ்டார்ட் அடிக்கிற ஸ்பிரே டின் ஒண்ணு கொண்டு வந்தான். காத்துக் குழாய்ல அடிக்கப் போறப்பதான் லோரி தாத்தா வந்தார். வாழ்நாள் பூரா தேயிலைத் தோட்டத்து லோரி ஓட்டினவர். டின்னைப் பிடுங்கி வடிகால் பக்கம் வீசிட்டு, "டேய், உள்ளுக்கு நெருப்புக்கோல் மாதிரி பிளக் சிவந்து கிடக்கும்டா. அதுல போய் ஈதரை அடிச்சா இஞ்சின் வெடிச்சிரும், உன் மூஞ்சியும் போயிரும்"னு ஒரு சத்தம் போட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்னிக்குத்தான்.

பாட்டி வாக்குல்தான் நினைப்பு. அந்தச் சந்தியில போன் லைன் கிடைக்காது. பாட்டி பனியில, மடியில பால் பாட்டிலோட முக்கால் மணி நேரம் நின்னிருக்காங்க. தாத்தா இறந்த நாள், அவர் பேர்ல உபயம். அப்புறம் நடக்க ஆரம்பிச்சு, பாதி வழியில காய்கறி லோரிக்காரர் ஒருத்தர் ஏத்தி விட்டிருக்கார். வந்து சேர்ந்தப்போ தீபாராதனை முடிஞ்சு, பிள்ளைங்க பசியாறிக்கிட்டு இருந்தாங்க. பாட்டி ஒரு வார்த்தை திட்டல. "பால் இன்னும் கெடல தம்பி, ஐயர்கிட்ட கொடுத்திரு"ன்னு மட்டும் சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரியே காய்ச்சல். நாலு நாள் படுத்துட்டாங்க.

அடுத்த வாரம் கமிட்டி கூட்டத்துல வேனை வித்துடலாம்னு பேச்சு வந்துச்சு. 2024 ஜூன்ல டீசல் 2 வெள்ளி 15 காசுல இருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறினதுல இருந்தே அந்தப் பேச்சு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. வித்துடலாம்னு கை தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். வேன் போயிட்டா என் தப்பும் அதோட போயிரும்னு உள்ளுக்குள்ள ஒரு நினைப்பு. லோரி தாத்தாதான் "ஒரு நாள் டைம் குடுங்க"ன்னு கேட்டார்.

மறுநாள் அவர் காட்டினதைத்தான் இப்ப தம்பிங்களுக்குச் சொல்றேன். டீசல் இஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை இருபது மடங்கு கிட்ட நெருக்குறப்போ வர்ற சூட்டுலயே டீசல் பத்திக்கணும். இரும்பு சில்லுன்னு இருந்தா அந்தச் சூட்டை இரும்பே குடிச்சிரும். ஈரத் திரியில நெருப்பு வைக்கிற கதைதான். நம்ம வேன் பழைய மாதிரி இஞ்சின், டீசல் முதல்ல ஒரு குட்டி அறைக்குள்ள போய்த்தான் எரியும், அதனால குளிர்ல இன்னும் மோசம். அந்த அறையைச் சூடாக்கத்தான் சிலிண்டருக்கு ஒண்ணா நாலு குளோ பிளக். முனை சிவக்கச் சிவக்கச் சூடாகும்.

தாத்தா பிளக்குங்களை இணைக்கிற தகட்டைக் கழட்டிட்டு, ஒரு சின்ன பல்பை எடுத்து ஒரு வயரை பேட்டரி பிளஸ்லயும் இன்னொரு வயரை ஒவ்வொரு பிளக் தலையிலயும் வச்சார். ரெண்டுல எரிஞ்சுச்சு. ரெண்டுல எரியல. பாதிக்குப் பாதி செத்துக் கிடந்திருக்கு, எத்தனை மாசமோ. தாப்பாவுல இருந்த வரைக்கும் அந்த வெக்கையில ரெண்டு பிளக்கே போதுமா இருந்திருக்கு. இங்க வந்த பிறகும் எட்டு மணிக்கு, வெயில் பட்ட பிறகுதான் எடுப்போம். நாலு மணிக்கு எடுத்தது மார்கழியிலதான்.

ஆனா பிளக் மேல மட்டும் பழி போட முடியாது. சாவியை ரெண்டாவது கட்டத்துல நிறுத்தினா டேஷ்போர்டுல சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். நான் அதைப் பார்த்ததே இல்ல. நேரா ஸ்டார்ட்டருக்குத் திருகிடுவேன். இதுல இன்னொண்ணு: அந்த விளக்கு அணைஞ்சா பிளக் சூடாயிருச்சுன்னு அர்த்தம் இல்ல. பழைய வேன்ல அது வெறும் நேரக் கணக்கு. செத்த பிளக்குக்கும் அது எரிஞ்சு அணையும்.

பிளக் கழட்டறதுக்கு முன்னால இஞ்சினைச் சூடாக ஓட்டிட்டுத்தான் கை வச்சார். குளிர்ந்த இஞ்சின்ல முரட்டுத்தனமா திருகினா பிளக் உள்ளுக்கே ஒடிஞ்சு, தலையையே இறக்க வேண்டி வரும். மூணு வந்துருச்சு. நாலாவதுக்கு எண்ணெய் விட்டு, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம்னு மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். நாலு புது பிளக் 160 வெள்ளி. பாதி அவர் பணம், கேட்டா கோவிச்சுக்குவார்.

அவர் காலத்துல என்ன செய்வாங்கன்னு கேட்டேன். "ராத்திரியே லோரியை இறக்கத்துல மூக்கைக் கீழ வச்சு நிறுத்திருவோம், காலையில உருட்டி விட்டு ரெண்டாவது கியர்"னார். என் அக்கா மகன் வின்னிபெக்ல இருக்கான். அங்க காருக்கு முன்னால ஒயர் தொங்குமாம், ராத்திரி பூரா கரண்ட்ல இஞ்சினைச் சூடு பண்ணி வைப்பாங்களாம். நமக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம்.

எண்ணெய் விஷயம் ஒண்ணு. நாட்டுல பி10 டீசல் வந்தப்பவே கேமரன், கெந்திங், குண்டாசாங் மலைகளுக்கு மட்டும் பி7ன்னு விட்டுட்டாங்க. பனை எண்ணெய் கலப்பு குளிர்ல தேங்காய் எண்ணெய் மாதிரி கட்டப் பார்க்கும். அதனால கீழ போய்ட்டு வர்றப்போ தாப்பாவுல டேங்கை நிரப்பாதீங்க, மேல வந்து ஊத்துங்க.

சரி, வேலைக்கு வர்றேன். சாவியை ரெண்டாவது கட்டத்துல வைங்க. லைட், பேன், ரேடியோ எல்லாம் அடைங்க. விளக்கு அணைஞ்சாலும் பதினைஞ்சு வரைக்கும் எண்ணுங்க, பிறகு திருகுங்க. பத்துப் பதினைஞ்சு வினாடிக்கு மேல ஸ்டார்ட்டரைப் பிடிக்காதீங்க. பத்தலைன்னா ஒரு நிமிஷம் ஆற விட்டு, மறுபடி முதல்ல இருந்து. ஸ்பிரே கூடவே கூடாது. ஆக முக்கியம், புறப்படற நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னாலயே வாங்க. அன்னிக்கு நான் வந்தது ரெண்டு நிமிஷம் முன்னால.

பாட்டிகிட்ட போன மாசம் போய் முழுசா சொல்லிட்டேன். கேட்டுட்டு, "அப்ப வேன் மேல தப்பு இல்லியா?"ன்னாங்க. இல்ல பாட்டின்னேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாங்க.

முதல் வாரம் நான் ஓட்டறேன். வெள்ளி, சனிக்கு இன்னும் ஆள் தேவை, லைசன்ஸ் இருக்கிறவங்க கீழே பேர் போடுங்க. முன் சீட்டு பாட்டிக்கு, யாரும் உட்காராதீங்க.