திங்கட்கிழமை மூச்சு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். உடம்புக்குள் மெதுவாக எரியும் நெருப்புதான் மூச்சு என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே லவாய்சியர் காட்டியதை மனப்பாடமாக ஒப்பிப்பேன்.

கல்யாணமாகிச் சூலூருக்கு வந்தேன். மாமனாருக்குப் பஞ்சாலையில் ப்ளோ ரூம் வேலை. ஞாயிறு லீவு முடிந்து வேலைக்குப் போய் வந்தால், "திங்கக்கெழமையானா நெஞ்சை அடைக்குதுங்க மாப்ளே" என்பார். லீவு விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய குமாஸ்தா புத்தி எனக்கு. சோம்பல் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பல வருடம் கழித்து ஒரு டாக்டர் விளக்கினார். நுரையீரலில் சுமார் 30 கோடி நுண்ணறைகள் உண்டு. அவற்றின் மெல்லிய சுவர் வழியாகப் பிராணவாயு ரத்தத்தில் கலக்கிறது. கரியமிலவாயு வெளியே வருகிறது. நாம் இழுக்கும் காற்றில் பிராணவாயு 21 சதவீதம், விடும் காற்றில் சுமார் 16. பஞ்சுத் தூசி, அந்த அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்களைச் சுருக்கிவிடும். இதற்குப் பிசினோசிஸ் என்று பெயர். ஆரம்பத்தில், லீவு முடிந்த முதல் நாள்தான் நெஞ்சு இறுகும். முற்றினால் எல்லா நாளும்.

மாமா சொன்னது நோயின் முதல் அடையாளம். எங்களுக்குப் புரிந்தபோது, வாசலிலிருந்து கிணற்றடிக்குப் போகவே அவர் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டிலும் மில்லுக்குப் போனவர்கள் இருப்பார்கள். மூச்சு அடைக்கிறது என்றால் சிரிக்காமல் கேளுங்கள். ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனைக்கு உடனே கூட்டிப் போங்கள். நான் கூட்டிப் போகவில்லை.