இரண்டு வெள்ளை

வெள்ளை என்பது ஒரே நிறம் என்று நம்பிக்கொண்டிருக்கும் பாக்கியசாலிகள் உண்டு. அவர்கள் வீட்டுக்கு வர்ணம் பூசப் புறப்படாதவர்கள். கடைக்காரர் விரித்த அட்டையிலிருந்த வெள்ளைகளையெல்லாம் கழித்துக் கழித்து, நம் வீட்டு அறைக்கு மிஞ்சியவை இரண்டு: ஒன்று பாலாடை நிறம், மற்றொன்று நீலச் சாயல் ஓடிய வெள்ளை. முன்னது வீட்டு எஜமானியின் கட்சி. பின்னது நம்முடையது.

நம் கட்சிக்குப் பழைய சம்பிரதாயத்தின் பலம் உண்டு. சுண்ணாம்பு அடிக்கும்போது சிறிது நீலம் கரைத்துவிடுவார்கள். சுண்ணாம்பின் இலேசான மஞ்சளை அது மறைத்துவிட, சுவர் பளிச்சென்று தோன்றும். வேஷ்டிக்கு நீலம் போடுவதும் இதே தந்திரந்தான். எஜமானியோ ஜன்னலைச் சுட்டிக் காட்டினாள். அது வடக்கு நோக்கியது. வருஷத்தில் பெரும்பகுதி அதில் நேர்வெயில் விழாது. ஆகாயத்தின் நீல வெளிச்சந்தான் வரும். அதோடு சுவரும் நீலம் பாரித்தால் பகலிலேயே அறை சாம்பல் பூத்துவிடும் என்றாள்.

சுவரில் இரண்டடிச் சதுரமாக இரண்டையும் பூசிப் பார்த்தோம். விவகாரம் முற்றிற்று. 2,700 கெல்வின் என்று குறித்த எல்.இ.டி. விளக்கின் கீழ் நம் வெள்ளையும் பாலாடையாகிவிட்டது; 6,500 கெல்வின் விளக்கில் பாலாடைக்குச் சோகை பிடித்தது.

அறையில் வசிக்கப் போகிறவர் நம் தாயார், வயது எண்பது. வலக் கண்ணில் புரையை அகற்றிப் புது வில்லை வைத்தாயிற்று. இடக் கண் இன்னும் பாக்கி. இடக் கண்ணைப் பொத்திக்கொண்டு, "இது நீலம், அது சந்தனம்" என்றார். வலக் கண்ணைப் பொத்தியதும், "இரண்டும் ஒரே பழுப்பு" என்றார். முதுமையில் கண்ணின் வில்லை மஞ்சளித்து நீல ஒளியைத் தடுத்துவிடுகிறது. நாம் இருவரும் ஒரு வாரம் வாதாடிய வித்தியாசம் அவருடைய ஒரு கண்ணுக்கு இல்லவே இல்லை!

"நிறம் எதுவாயிருந்தாலும் இருக்கட்டும் அப்பா! ராத்திரி எழுந்தால் வாசற்படி எங்கே, சுவர் எங்கே என்று தெரியுமா?" என்று கேட்டார்.

கதவு, நிலை, சுவிட்சுப் பலகை எல்லாமே அந்த அறையில் வெள்ளை. அந்தியில் சுவரோடு கலந்துவிடும். பெரியவர்கள் தடுமாறி விழுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆகவே கதவுக்கும் நிலைக்கும் கரும்பழுப்பு, சுவிட்சுப் பலகையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தில் கரும்பச்சைப் பட்டை என்று பூசுகிறவரிடம் சொல்லியிருக்கிறோம். சுவருக்குப் பாலாடைதான். வடக்கு ஜன்னலுக்கு நம்மிடம் பதில் இல்லை.